காலிக் கட்டமும் ‘சக்ஸஸ்’ என்ற பதிலும்

சோதனை ஓட்டம் தொடங்கிய அன்று காலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். வெப் சர்வீஸ் என்ற பேச்சே புதிதாக இருந்த காலம். திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் சீனியர் புரோகிராமர்.

வேலை இதுதான். வார்டில் டாக்டர் ஆபரேஷனுக்கு ரெக்வெஸ்ட் போடுவார். எங்கள் புரோகிராம் அதை ஏபிஐ வழியாக, அதாவது ஒரு புரோகிராம் இன்னொன்றோடு பேசும் வாசல் வழியாக, ஒரு வொர்க்ஃப்ளோ இன்ஜினுக்கு அனுப்பும். அந்த இன்ஜின், சென்னை வெண்டர் ஒருவரிடம் ஆஸ்பத்திரி வாங்கியது. மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், ரத்த வங்கி என்று ஒவ்வொருவர் ஸ்கிரீனுக்கும் ரெக்வெஸ்டை நகர்த்துவது அதன் பொறுப்பு. நோயாளியின் எண், வார்டு, தேதி இவற்றுக்கு இன்ஜினிலேயே இடம் உண்டு. அலர்ஜி மாதிரி விஷயங்களை ‘கஸ்டம் டேட்டா’ என்று தனியாகச் சேர்த்து அனுப்ப வேண்டும்.

போய் நின்றதும் மயக்க மருந்து டாக்டர் ஜெயந்தி ஸ்கிரீனைக் காட்டினார். கரமனை அக்கிரஹாரத்துக்காரர்; என்னிடம் வீட்டுத் தமிழில்தான் பேசுவார்.

“பேப்பர் கேஸ் ஷீட்ல பெனிசிலின் அலர்ஜின்னு எழுதியிருக்கு. இங்கே கட்டம் காலியா இருக்கே. இதைப் பார்த்தா நான் என்னன்னு நினைச்சுக்கறது? அலர்ஜி இல்லேன்னா, தெரியலேன்னா?”

“நாங்க அனுப்பியிருக்கோம் டாக்டர்.”

“நீங்க அனுப்பினேள், சரி. எனக்கு வரலையே. லைவ்னு முழுசா ஓட ஆரம்பிச்சதும் கேஸ் ஷீட்டை நிறுத்தப் போறா. அப்புறம் ஊசியை வெச்சுண்டு நான் யாரைக் கேக்கறது?”

ஆபீஸுக்கு வந்து பார்த்தேன். எங்கள் பக்கத்திலிருந்து அலர்ஜி சரியாகவே போயிருந்தது. இன்ஜினும் ‘சக்ஸஸ்’ என்று பதில் தந்திருந்தது. வெண்டரின் சப்போர்ட்டுக்குப் போன் செய்தேன்; கார்த்திக் என்று ஒருவர் எடுத்தார்.

“ரெஸ்பான்ஸ் சக்ஸஸ் தானே மேடம்? அப்போ எங்க சைடுல இஷ்யூ இல்ல.”

“டேட்டா வரலையேங்க.”

“சக்ஸஸ் வந்திருக்கே மேடம்.”

இதையே அன்று முழுக்கக் கேட்டேன். அடுத்த நாள் வேறொருவர் எடுத்தார், முதலிலிருந்து சொன்னேன். அவரும் அதையே சொன்னார். கடைசியில் நானே கட்டங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றி அனுப்பிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். வெண்டர் தந்த டாக்குமெண்டில் Allergy என்று முதலெழுத்து பெரிய எழுத்து. இன்ஜினுக்குள் அவர்களே வைத்த பெயரில் allergy என்று எல்லாம் சின்ன எழுத்து. தனக்குத் தெரியாத பெயர் வந்தால் இன்ஜின் அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டு, சக்ஸஸ் சொல்லிவிடுகிறது. கார்த்திக்கிடம் சொன்னபோது, “அது டிசைனே அப்படித்தான் மேடம்” என்றார். போனை வைத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். பேசியிருந்தால் தகராறு ஆகியிருக்கும்.

பெயரைத் திருத்துவது எளிது. அது போதாது என்று, மலையாளம் கலந்த தமிழ் பேசும் மேனேஜர் பிரகாஷ் சாரிடம் சொன்னேன். அனுப்பியதை இன்ஜினிடமிருந்து திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் ரெக்வெஸ்ட் நிற்க வேண்டும். காலிக் கட்டம் என்று ஒன்றே இருக்கக் கூடாது; தகவல் இல்லையென்றால் அதையே எழுதிக் காட்ட வேண்டும்.

“பேரு சரியாயாச்சுல்லே, பின்னெ என்னா? வெண்டரோட சண்டைக்கு போவண்டாம், கேட்டோ. திங்கக்கிழமை லைவ் போயே ஆவணும்.”

நான் அவர் மேசை போனிலிருந்தே டாக்டர் ஜெயந்தியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். டாக்டர் குரலை உயர்த்தவில்லை.

“சரி பண்ணாம இது என் தியேட்டருக்குள்ள வரப்படாது, பிரகாஷ்.”

லைவ் தள்ளிப்போனது; நான் கேட்டதையெல்லாம் சேர்த்தோம். பிரகாஷ் சார் ரொம்ப நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

லைவ் போன சில வாரங்களில் அவசர கேஸாக ஒரு பெண் வந்தார். அவசரத்தில் வார்டில் யாரும் அலர்ஜியை நிரப்பவில்லை. காலியாக இருந்திருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியவில்லை, கேட்கவும்’ என்று சிவப்பில் நின்றது. ட்யூட்டி டாக்டர் கேட்டிருக்கிறார். முன்பு பெனிசிலின் போட்டபோது மூச்சு முட்டி ஐசியூவில் கிடந்ததாக அந்தப் பெண் சொன்னாராம். ஜெயந்தி டாக்டர்தான் போனில் சொன்னார்.

இப்போது ஏபிஐ எழுதும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். சக்ஸஸ் என்றால் வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் பொருள். அந்த ஆஸ்பத்திரி வேலைக்குப் பிறகு எந்த ப்ராஜெக்டிலும், கடைசியில் அந்த டேட்டாவைப் படிக்கப்போகிறவரின் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்காமல், வேலை முடிந்தது என்று நான் சொன்னதில்லை.