மதுச்சாலையில் நான் சொன்ன ஒரு வாக்கியம்

பலேர்மோ நகரில் நான் கழித்த ஆண்டுகளைப் பற்றி எவரேனும் கேட்கும்போது, கடலைப் பற்றியும் தேவாலயங்களைப் பற்றியும் நெடுநேரம் சொல்லுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவிட்டே இதுகாறும் பேசி வந்திருக்கிறேன். அந்த ஞாயிறு தொண்ணூறுகளின் நடுவில், திராட்சை அறுவடை முடிந்திருந்த ஒரு காலத்தில் வந்தது. அன்று நான் செய்ததை இன்னொருவர் சொல்ல நேர்வதிலும் பார்க்க நானே எழுதிவிடுவது முறை என்று கருதுகிறேன்.

அக்காலத்தில் நான் கால்சாப் பகுதியில், சின்யோரா என்று நான் அழைத்த ஓர் அம்மையாரின் வீட்டில் வேலை செய்து வந்தேன். அவர் ஒரு வழக்கறிஞரின் விதவை. சமைப்பதும், காரோட்டுவதும், இறந்த கணவரின் நூலகத்தைத் தூசி தட்டுவதும் என் கடமைகள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தூசி தட்டிய புத்தகங்களைத் திறந்து பார்க்கத் தொடங்கி, அகராதியின் துணையோடு நான்கு ஆண்டுகளில் அந்தத் தீவின் வரலாறு முழுவதையும் ஒருவாறு படித்து முடித்தேன். வடக்கிலிருந்து சின்யோராவின் விருந்தினர் வந்தால், அவர்களைக் காரில் ஏற்றிச்சென்று பழைய ஊர்களைக் காட்டி விளக்கஞ் சொல்வதும் நாளடைவில் என் பொறுப்பாயிற்று. திராட்சை மது வடிக்கும் மதுச்சாலைகளில் கிண்ணத்தின் காம்பைப் பிடித்து, சுழற்றி, முகர்ந்து, பின் நாவில் நிறுத்தும் முறையையும் கற்றுக்கொண்டேன். அவர்கள் என்னைப் 'பேராசிரியர்' என்று அழைத்தார்கள். அதில் கேலியும் இருந்தது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது.

என் அக்காவின் கணவர் எனக்கு இரண்டாண்டு பிந்திப் பலேர்மோவுக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைபவராக இருபது வருடம் இருந்தவர். இங்கே ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுச் சாப்பாட்டுக்கடையின் பின்புறத்தில் மீன் கழுவினார். பிறந்தநாள் முதல் மச்ச மாமிசம் தொடாதவர் அவர். அதைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. வேலை முடிந்து வந்து, குளித்து, திருநீறு பூசிய பிறகே சோற்றில் கை வைப்பார். கபோச் சந்தைக்கு மேலே ஓர் அறையில் ஐந்து பேருடன் ஆறாவது ஆளாகப் படுத்தார்.

அக்காவும் இரண்டு பெண் பிள்ளைகளும் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அத்தானிடம் பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதி இருந்தது. குடும்பத்தை அழைப்பதற்கு அது மட்டும் போதாது. வேலைக்கு ஒப்பந்தமும், குடும்பம் தங்குவதற்குத் தகுந்த ஒரு வீடும் உண்டு என்று காட்ட வேண்டும். ஆறு பேர் படுக்கும் அறையை எவரும் வீடென்று எழுதித் தரமாட்டார்கள். மேலும், பதினெட்டு வயது நிறைந்த பிள்ளையை அழைக்க இயலாது. மூத்தவளுக்கு அடுத்த ஆனி மாதத்தில் பதினெட்டு நிறைய இருந்தது.

இந்த நிலையில்தான் சின்யோரா ஒரு செய்தி சொன்னார். மலைப்பக்கத்தில் திராட்சைத் தோட்டமும் மதுச்சாலையும் வைத்திருக்கும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரருக்கு, தோட்டத்து வீட்டிலேயே தங்கிக் காவல் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தம் உண்டு, இரண்டு அறை வீடும் உண்டு. மிலானோவிலிருந்து ஒரு தம்பதியர் வந்திருக்கிறார்கள், ஞாயிறன்று அவர்களைச் சுற்றிக்காட்டப் போகும்போது உன் அத்தானையும் கூட்டி வா, சகோதரர் ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் அவர்.

அன்று காலை கபோவில் அத்தானை ஏற்றச் சென்றபோது அவர் வெள்ளைச் சட்டை அணிந்து, நெற்றித் திருநீற்றை அழித்துவிட்டு நின்றார். நான் அவருக்குப் புத்திமதி சொன்னேன்.

"அத்தான், நீங்கள் ஒண்டுக்கும் வாய் திறக்கவேண்டாம். கதைக்கிறதை நான் கதைக்கிறன். சிரிச்சுக்கொண்டு நிண்டாக் காணும்."

"நான் பொம்பிளை பாக்க வந்தண்டு உம்மடை அக்கா நிண்ட மாதிரி நிக்கச் சொல்லுறீர்," என்றார் அவர். "அவ கூட அண்டைக்கு ரண்டு வார்த்தை கதைச்சவ, தம்பி."

சின்யோராவையும் விருந்தினர் இருவரையும் ஏற்றிக்கொண்டு முதலில் செஜெஸ்தாவுக்குச் சென்றோம். ஆளரவமற்ற குன்றின்மேல், கூரையில்லாமல், வெறுந் தூண்களோடு நிற்கும் பழைய கிரேக்கக் கோயில் அது. கட்டிமுடிக்கப்படாமலே இருபத்துநான்கு நூற்றாண்டுகள் நின்றுவிட்டது என்று நான் வழமைபோல் விளக்கிக்கொண்டிருந்தேன். மிலானோ மனிதர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். என் விளக்கங்களை அவர் மரியாதையோடு கேட்டார், கைக்கடிகாரத்தையும் பார்த்தார். அத்தானோ கோயிலின் ஓரத்தில் குந்தியிருந்து, ஒரு கண்ணை மூடி, கற்படியின் நீளத்துக்குப் பார்வையை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னை அருகே அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தம்பி, இந்தத் தளம் நேர்மட்டமில்லை. நடுவிலை கொஞ்சம் உயர்த்திக் கட்டியிருக்கினம். தூரத்திலை இருந்து பாக்கேக்கை தொய்ஞ்சமாதிரித் தெரியக்கூடாதெண்டு செய்திருக்கினம். இதிலை குந்திப் பாரும்."

நான் குந்திப் பார்த்தேன். உண்மைதான். கற்கோடு நடுவில் மிக மெல்லியதாக வளைந்து உயர்ந்திருந்தது. நான் படித்த அளவில் எந்தப் புத்தகத்திலும் எனக்கு அது தட்டுப்படவில்லை. நான் எழுந்து பொறியியலாளரிடம் சென்று, பல தடவை இங்கே வந்ததில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன் என்று தொடங்கி, அத்தான் சொன்னதை என் கண்டுபிடிப்பாகவே சொன்னேன். அவர் உடனே குந்திப் பார்த்தார். எழுந்து என் கையைப் பற்றிக் குலுக்கினார். தேர்ந்த கண் உங்களுக்கு என்றார். தம் மனைவியையும் அழைத்துக் காட்டினார். அத்தான் சற்றுத் தள்ளி நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இத்தாலிய மொழி விளங்காது என்ற உறுதி எனக்கு இருந்தது.

அங்கிருந்து சலேமி என்னும் மலையூருக்குச் சென்றோம். கோட்டையைக் காட்டினேன், நிலநடுக்கத்தில் இடிந்து கூரையின்றி நிற்கும் தேவாலயத்தையும் காட்டினேன். சதுக்கத்தில் கோப்பி குடிக்க உட்கார்ந்தபோது மேசையில் நான்கு கதிரைகளே இருந்தன. பக்கத்து மேசையிலிருந்து ஒன்றை இழுத்திருக்கலாம். நான் அத்தானைக் காருக்குக் காவலாக நிற்கச் சொன்னேன். கார் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது.

நண்பகலுக்குச் சற்றுப் பிந்தித் தோட்டத்தை அடைந்தோம். உரிமையாளர் அறுபது வயதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். முதலில் வீட்டைக் காட்டினார். இரண்டு அறைகள், ஓர் அடுப்படி, பின்புறத்தில் கிணறு. அத்தான் உள்ளே நுழைந்து சுவரோரமாக நீளத்துக்கும் அகலத்துக்கும் அடி வைத்து நடந்தார். சன்னலைத் திறந்து வெயில் எப்பக்கமிருந்து வருகிறதென்று பார்த்தார். "நாலு பேருக்குத் தாராளமாக் காணும்," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "பிள்ளையளுக்கு இந்த அறையை விடலாம்." உரிமையாளர் அவர் அடி வைத்த விதத்தைக் கவனித்துத் தலையசைத்ததை நான் கண்டேன். ஆளை அவருக்குப் பிடித்துவிட்டது என்றே எண்ணினேன்.

பின்னர் மதுச்சாலைக்குள் இறங்கினோம். குளிர்ந்த நீண்ட கூடம், இருபுறமும் மரப்பீப்பாய்கள். வயது முதிர்ந்த பணியாள் ஒருவர் பீப்பாயின் மேல்துளையால் குழாயை விட்டு மதுவை உறிஞ்சி எடுத்து, ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் வார்த்தார். அந்த வீட்டு வழக்கப்படி பீப்பாயிலிருந்து எடுக்கும் மதுவை எல்லாரும் ஒரே கிண்ணத்தில் அருந்துவார்கள். கிண்ணம் விருந்தினர் இருவருக்கும், சின்யோராவுக்கும் போய், என்னிடம் வந்தது. நான் காம்பைப் பிடித்துச் சுழற்றி, முகர்ந்து, பாதாம் மணம் வருகிறது என்று சொன்னேன். அப்போது உரிமையாளர், இங்கே வாழப் போகிறவருக்கும் கொடுங்கள் என்றார்.

கிண்ணத்தை மறுபடி நிரப்பி அத்தானிடம் நீட்டினார்கள். கள்ளையும் சாராயத்தையும் வாழ்நாளில் தொடாத மனிதர் ஒருகணம் என்னைப் பார்த்தார். வேலை தரப்போகிற வீட்டில் முதன்முதலாக நீட்டியதை மறுப்பது அழகல்ல என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். இரு கைகளாலும் வாங்கினார். அடுத்து அருந்துவதற்காக உரிமையாளர் பக்கத்தில் காத்து நின்றார். ஆகையால் அத்தான் தலையை அண்ணாந்து, கிண்ணத்தை வாய்க்கு ஒரு சாண் மேலே உயர்த்தி, விளிம்பு உதட்டில் படாமல் மெல்லிய நூலாக வார்த்துக் குடித்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு துளியும் விழவில்லை. பாதியை மிச்சம் வைத்து, மீண்டும் இரு கைகளாலும் உரிமையாளரிடம் கொடுத்தார்.

எங்கள் வீடுகளில் பிறர் வாய் வைக்கும் ஏனத்தை எச்சிற்படுத்தாமல் குடிப்பதிலும் பெரிய மரியாதை இல்லை. அத்தான் அந்த மனிதருக்குத் தாம் அறிந்த மேலான மரியாதையைச் செய்தார்.

மிலானோ அம்மையார் சிரித்துவிட்டார். தீய எண்ணத்தோடு அல்ல. வித்தைகாரனைப் பார்த்துச் சிரிப்பதுபோல. சின்யோராவும் புன்னகைத்தார். உரிமையாளர் மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் ஏன் இப்படிக் குடிக்கிறார் என்று என்னிடம் கேட்டார். அறிய விரும்பித்தான் கேட்டார். எனக்கு விடை தெரியும். இரண்டு வசனத்தில் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லும் அளவு மொழியும் என்னிடம் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு என்மீதும் படுகிறது என்று என் உடம்பெல்லாம் கூசியது. நான் வேறு, இவர் வேறு என்று காட்டிவிட வேண்டும் என்ற அவதியில் நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இத்தாலிய மொழியில் சொன்னேன்: "மன்னிக்க வேண்டும். இவர் காட்டுப்பக்கத்து மனிதர், கிண்ணம் பழக்கமில்லை. நான் பழக்கி எடுக்கிறேன்."

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். உரிமையாளர் அத்தானின் பக்கம் திரும்பி, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அதற்கு முன்னே அத்தான், இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்குப் பதினேழு என்று அதே மொழியில் மெதுவாக, பிழையில்லாமல் கூறினார்.

 செஜெஸ்தாவில் நான் பேசியதும், சற்று முன் பேசியதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அப்பொழுதும் உரிமையாளரிடம் உண்மையைச் சொல்ல நேரம் இருந்தது. சொல்வதானால் நான் பொய் சொன்னதையும் சொல்ல வேண்டியிருக்கும். நான் பீப்பாய்களின் வயதைப் பற்றி விசாரித்தேன்.

திரும்பும் வழியில் பின்னாசனத்தில் மூவரும் உறங்கிவிட்டார்கள். அத்தான் என் பக்கத்தில் இருந்தார். தெருவோரத்துக் கொடிகளில் இலைகள் சிவந்திருந்தன. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். விருந்தினரையும் சின்யோராவையும் கால்சாவில் இறக்கிவிட்டுக் கபோவுக்கு வந்து நின்றபோதுதான் பேசினார்.

"மீன் சுத்திவாற பேப்பரிலை வாசிச்சுப் பழகினனான்," என்றார். "முழுக்க விளங்காது. இண்டைக்கு விளங்கினது."

கதவைத் திறந்து ஒரு காலைத் தெருவில் வைத்துக்கொண்டு மேலும் சொன்னார்.

"வேலை கிடைச்சாலும் கிடைக்காட்டிலும், அக்காவுக்கு எழுதேக்கை இதொண்டையும் எழுதவேண்டாம். அவவுக்குத் தன்ரை தம்பியெண்டா ஒரு பெருமை. அது அப்படியே இருக்கட்டும்."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் படியேறிப் போனார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஏதேனும் ஆறுதல் இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை சின்யோரா வெள்ளிக் கரண்டிகளைத் துடைக்கச் சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக முடிவைத் தெரிவித்தார். தோட்டத்துக்கு வாங்க வருகிறவர்களும் பார்க்க வருகிறவர்களும் அதிகம். நாலு பேர் முன்னே நிற்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று சகோதரர் கருதுகிறார். மொரீஷியஸ் நாட்டுத் தம்பதியர் இருவரை அமர்த்திவிட்டார். நான், என் அத்தான் படித்தவர், அரசாங்கத்தில் படம் வரைந்தவர் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்தார்.

"காட்டுப்பக்கத்து ஆள் என்று நீயே அல்லவா சொன்னாய்?" என்றார்.

ஒரு பேருந்தில் ஏறி, தனியாகப் போய், அந்த உரிமையாளரின் வாசலில் நின்று உண்மையைச் சொல்லலாம் என்று அந்த வாரம் முழுவதும் நினைத்தேன். ஒருநாள் பேருந்து நிலையம் வரைக்கும் போனேன். அதற்கு அப்பால் போகவில்லை.

அத்தானுக்கு வீட்டோடு ஒரு வேலை கிடைக்க மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. அதை அவர் தாமே தேடிக்கொண்டார். குவெஸ்தூரா என்னும் பொலிஸ் தலைமையகத்திலும் மற்ற அலுவலகங்களிலும் தாமே வரிசையில் நின்று, தாமே கதைத்து, காகிதங்களை ஒப்பேற்றினார். ஒருமுறையும் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. ஆனால் ஞாயிறுகளில் என் அறைக்கு வருவதை நிறுத்தவுமில்லை. வந்து, சோறு தின்று, நாட்டுச் செய்தி கதைத்துவிட்டுப் போவார்.

அக்காவும் இளையவளும் வந்த அன்று விமான நிலையத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். மூத்தவள் கொழும்பில் ஒரு தூரத்து உறவினர் வீட்டில் தங்கிவிட்டாள். அவளுக்குப் பத்தொன்பதும் முடிந்திருந்தது. கதவு திறந்து அக்கா வெளியே வந்ததும், முதலில் என்னிடம்தான் வந்தார். நரைத்திருந்தார். என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்காக நீ எவ்வளவு அலைஞ்சனி எண்டு அத்தான் காயிதத்துக்குக் காயிதம் எழுதினவரடா," என்றார். "தோட்டத்து வேலைக்கெல்லாம் காரிலை ஏத்திக்கொண்டு போய்க் கேட்டனியாம். மற்றவளுக்கும் நீதான் ஒரு வழி பாக்கவேணும். உன்னாலை ஏலும்."

"ஓம் அக்கா," என்றேன். "பாப்பம்."

அத்தான் குனிந்து பெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, நேரம் போகுது, பஸ்சுக்கு நடப்பம் என்று முன்னால் நடந்தார். நான் அக்காவின் கைகளிலிருந்து என் கைகளை விடுவித்துக்கொள்ள வழி தெரியாமல் நின்றேன்.