துள்ளல் எழுத்தில் வந்த கடிதம்

விளம்பர நிறுவனமொன்றில் பதினெட்டு ஆண்டுகள் எழுத்து வரைந்தவள் அவள். அவள் கையால் வரைந்த துள்ளல் எழுத்துருவில் 'ழ' வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். 'ஓ' வாய் பிளந்து சிரிக்கும். பலூன் பாக்கெட், மிட்டாய் டப்பா, பொம்மைக்கடைப் பலகை எல்லாவற்றிலும் அதுதான். "தலைப்புக்கு மட்டும் போடுங்க, கடிதத்துக்கு ஆகாது" என்று தலைபாடாய் அடித்துக்கொள்வாள்.

ஆட்குறைப்பில் அவளுக்கும் கடிதம் வந்தது. 'உங்கள் சேவை இனி தேவையில்லை' என்ற வரி அதே எழுத்தில் குதித்துக்கொண்டிருந்தது.

"இந்த எழுத்துல எதுக்கு அடிச்சீங்க?" என்று மேலாளரிடம் கேட்டாள்.

"மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் மேடம். பார்க்க ஜாலியா இருக்குல்ல?"

கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் கடிதத்தைக் கணவனிடம் நீட்டினாள். எழுத்தைப் பார்த்ததுமே அவன் முகம் மலர்ந்தது.

"என்ன, பரிசு ஏதாவது கொடுத்திருக்காங்களா?" என்றான்.