நேற்றே கிளம்பிட்டாக

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில், மில் வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள் போனில் இந்தி பேசுவது அடிக்கடி காதில் விழுகிறது. விழுந்தால் அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அப்பா பட்டாளத்தில் இருந்தார். நான் சிறுமியாக இருந்தபோது, வடக்கே குடும்பத்தோடு தங்கக் குவார்ட்டர்ஸ் கிடைக்கப்போவதாக லீவில் வந்தபோது சொன்னார்.

"அங்க காய்கறி வாங்கணும்னாக்கூட இந்தி வேணும். ரெண்டு பேரும் படிச்சு வைங்க."

கல்யாணமான நாளிலிருந்து அம்மா அவரோடு லீவு நாட்களில் மட்டுமே குடும்பம் நடத்தியவள். மறுவாரமே எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குச் சாயங்கால பஸ்ஸில் இருவரும் படிக்கப் போனோம்.

உரக்கடை மாடியில் இந்தி வகுப்பு. பூச்சிமருந்து வாடை மூக்கில் ஏறும். மற்ற எல்லோரும் என் வயதுப் பிள்ளைகள்; அம்மா மட்டும் கடைசி பெஞ்சில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்காருவாள். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இந்தியில் உள்ள நாலு 'க'வையும் நாலு விதமாகச் சொல்வார்கள். எங்களுக்கு எல்லாம் ஒரே 'க'தான். ரொட்டி பெண்பால், சோறு ஆண்பால் என்று டீச்சர் சொன்ன அன்று அம்மா பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"சோறு ஆம்பளையாம்ல! அதான் பொங்கிப் போடுதவள ஏறிட்டுப் பாக்க மாட்டேங்கு."

'கல்' என்ற சொல்தான் எங்களைக் குழப்பியது. இந்தியில் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். எது எது என்று எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டாள்.

"வாக்கியம் முடியுற வரைக்கும் பொறுமையா கேக்கணும்மா. கடைசி வார்த்தை சொல்லிரும்" என்றார் டீச்சர்.

ஒரு மத்தியானம் எதிர்வீட்டு மாவுமில்காரர் வாசலில் நின்று கத்தினார். எங்கள் தெருவுக்கே அவர் கடை போன்தான்.

"ஏட்டி, ஓடியா! ஒங்கப்பா பட்டாளத்துலேர்ந்து போனு. எவனோ இந்திக்காரன் பேசுதான், ஒரு எழவும் புரியல!"

அம்மா மளிகைக் கடைக்குப் போயிருந்தாள். மில்காரர் எனக்காக மிஷினை நிறுத்தினார். வீட்டில் பெரியவர்கள் உண்டா என்று அந்த ஆள் கேட்டார். இல்லை என்று இந்தியில் சொன்னேன். வகுப்புக்கு வெளியே நான் பேசிய முதல் இந்தி அது.  பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல் சொல்லாகப் பிரித்துச் சொன்னார்.

"பேட்டி, பாபூஜி கல் சலே கயே."

மகளே, அப்பா என்பது வரை சட்டென்று புரிந்தது. போனில் பேசியவர் மூக்கை உறிஞ்சினார். அங்கே குளிர் அதிகம் என்று அப்பா சொல்லியிருந்ததால், சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "அச்சா ஜி" என்றேன். லைன் அறுந்தது.

அம்மா வந்ததும் அப்படியே ஒப்பித்தேன். அர்த்தத்தை என்னைச் சொல்லவிடவில்லை.

"இரு, நான் சொல்லுதேன். 'கயே'ன்னா நடந்து முடிஞ்சது. அப்போ 'கல்' நேத்து. அவிய நேத்தே கிளம்பிட்டாக!"

"அடேங்கப்பா, ஆத்தாளும் மகளும் டெல்லிக்கே போயிருவிய போல" என்றார் மில்காரர்.

குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, கூட்டிப்போகத்தான் வருகிறார் என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள். உடனே முறுக்குக்கு அரிசி ஊறப்போட்டாள்.

அன்று சாயங்காலம் வகுப்பில் அம்மா முதன்முறையாகத் தானே எழுந்து நின்றாள். போனில் வந்ததைச் சொல்லி, அர்த்தத்தையும் சொல்லி, "சரியா டீச்சர்?" என்றாள்.

டீச்சர் சாக்பீஸை மேசையில் வைத்தார்.

"வர்றாருன்னு சொன்னாங்களா பாப்பா?"

"அதெல்லாம் சொல்லல டீச்சர்."

அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரிதாம்மா. ஒவ்வொரு வார்த்தையும் சரி" என்றார்.

அன்று பாடம் நடக்கவில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஆண்டாள் கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொல்லி எங்களோடு பஸ் ஏறினார். ஆனால் கோயில் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் வீட்டில், அம்மா சுட்டுத் தந்த முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்தபடி இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அடுப்பு முன்னால் அம்மா விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். டீச்சருக்கு முறுக்கு பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

'சலே கயே' என்பதுபோல, ஒருவர் 'போய்விட்டார்' என்று நாமும் தமிழில் சொல்லத்தான் செய்கிறோம். அந்த வயதில் எனக்கு அது ஊருக்குப் போவது மட்டுமே. அம்மாவுக்குமா தெரியாமல் இருந்திருக்கும்? அன்றைக்கு அவள் 'போயிட்டாக' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 'கிளம்பிட்டாக' என்றே சொன்னாள்.

மறுநாள் காலையில் பட்டாளத்துச் செய்தியோடு ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து, மாவுமில்லில் எங்கள் வீடு எது என்று விசாரித்தார்.