நான் நீக்கிய எழுத்து

எண்பதுகளின் தொடக்கத்தில் ஹைதராபாத்தின் தார்நாகாவிலிருந்து பஸ் பிடித்து வேலைக்குப் போன பெண்களில் என்னைவிடத் தலைக்கனம் பிடித்தவள் இருந்திருக்க மாட்டாள். சும்மாவா? விமானங்கள் பறக்கத் தகுதியானவை என்று சான்றிதழ் தரும் அரசு அலுவலகம் எங்களுடையது. அங்கே துளையிட்ட அட்டைகளை வைத்து ஓடிய பழைய புரோகிராமைத் தூக்கிவிட்டு, புதிய கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி எழுதும் பொறுப்பு எனக்குத்தான் வந்தது.

ஒவ்வொரு பாகமும் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது என்பதை அட்டையில் நான்கு கட்டங்களில் துளையிட்டிருப்பார்கள். ஆயுள் முடிந்த பாகம் ஒன்று இருந்தாலும் அந்த விமானத்துக்குச் சான்றிதழ் கிடையாது. சில அட்டைகளில் முதல் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் 'ஏ' என்ற எழுத்து இருந்தது. கைதவறி அடித்திருக்கிறார்கள் என்று நானே முடிவுகட்டி, எழுத்துகளையெல்லாம் நீக்கிவிடும்படி எழுதினேன். பழைய புரோகிராமை முழுக்கப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை.

பறக்கத் தகுதியான விமானங்களின் முதல் பட்டியலை டெல்லி அதிகாரிகள் முன்னால் விழா வைத்து வெளியிட வேண்டிய நாள் காலையில், துளை போடும் பிரிவின் அம்மா ஒருவர் அச்சுத்தாளோடு வந்தார். செகந்திராபாத் ரயில்வே காலனியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். 'ஏன்' என்பதற்கு 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்று ஊர் உருது பேச்சில் கலந்துவரும்.

"கைக்கு மேடம், இந்த பிளேனோட சக்கரக் கால் இருநூத்திப் பன்னெண்டு மணிதான் ஓடிச்சுன்னு வந்திருக்கு? நான் ஏ போட்டிருந்தேனே?"

"அது தப்பா அடிச்சதுன்னு எடுத்துட்டேங்க."

"நக்கோ மேடம், அப்படிச் சொல்லாதீங்க. நாலு கட்டத்துல பத்தாயிரம் எப்படி அடங்கும்? ஏ-ன்னா பத்தாயிரம். இது பத்தாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு. பழைய புரோகிராமுக்கு அது தெரியும்."

பத்தாயிரம் மணியோடு ஆயுள் முடிந்த சக்கரக் காலைப் புத்தம் புதியது என்று சொல்லி ஒரு விமானத்தைப் பறக்கவிடப் பார்த்திருக்கிறேன்! வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது.

மேலதிகாரியிடம் ஓடினேன். தஞ்சாவூர்க்காரர். "இப்பப் போய் நிறுத்தச் சொல்றியேம்மா! டெல்லிக்காராளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நான்தான் தப்பு பண்ணினேன்னு சொல்லுங்க சார். இந்தப் பட்டியல்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

என் கையெழுத்து இல்லாமல் அது நகராது என்று அவருக்கும் தெரியும். பிழை என்னுடையதானாலும், அன்றைக்குள் அதைத் திருத்த என்னைவிட்டால் ஆளில்லை. அந்த அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் கேட்டு எழுதினேன். மூன்று மணிக்குப் புதுப் பட்டியல் வந்தது. அந்த விமானம் அதில் இல்லை.

அன்று மாலை விழாவில் மேலதிகாரி மைக் பிடித்து, "பழைய முறையில் தப்பியிருக்கக்கூடிய விமானத்தை நமது புதிய கம்ப்யூட்டர் பிடித்துவிட்டது" என்றார். ஒரே கைதட்டல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் எனக்குப் பொறுக்குமா? எழுந்துவிட்டேன்.

"கம்ப்யூட்டர் கோட்டை விட்டுடுச்சு சார். பிடிச்சது இவங்க" என்று பின்வரிசையைக் காட்டினேன்.

அங்கே அந்த அம்மா இல்லை. துளை போடும் பிரிவில் யாருக்குமே அழைப்பு போகவில்லை. அழைப்புப் பட்டியலைத் தயாரித்தவள் நான்தான்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நடந்துபோய், அவரைக் கையோடு கூட்டிவந்து என் நாற்காலியில் உட்காரவைத்தேன். விழா முடியும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன்.