திம்பம் இறக்கத்தில் ஒரு சம்பந்தி

ராமுலு லாரி ஓட்டுவதில் கெட்டிக்காரர். வாயைத் திறப்பதில் மகா கஞ்சன். அப்படிப்பட்டவருக்கு, மகள் பூஜிதாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் அப்பா சென்னகிருஷ்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிவரும் யோகம் வாய்த்தது. சாம்ராஜ்நகரில் ஒரு விசேஷத்துக்குப் போன மனிதர் கோவை பஸ்ஸைத் தவறவிட்டு, "உங்க வண்டிலயே வந்தர்றனுங்க" என்று ஏறிக்கொண்டார். "நம்ம விசயத்துல முடிவை ஊர் போய்ச் சேந்ததும் சொல்லிப்போடறனுங்க" என்று ஒரு வெடியையும் கொளுத்திப் போட்டார்.

பின்னால் கிரைண்டருக்கான கருங்கல் பாளங்கள். முன்னால் திம்பம் மலை இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. உச்சியிலேயே ராமுலு இரண்டாம் கியருக்கு வந்து எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்சைத் தட்டினார். புகை போகும் வழியை அடைத்து, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கச் செய்கிற சமாச்சாரம் அது. சக்கரத்து பிரேக் சூடேறாது. சத்தம்தான், பத்து எருமை சேர்ந்து கோபித்துக்கொண்ட மாதிரி உறுமும்.

சென்னகிருஷ்ணன் டிராக்டர் மட்டும் ஓட்டியவர். மலை தெரியாது; யோசனை சொல்லத் தெரியும்.

"ஏனுங்க, இத்தனை மெதுவாவா போவாங்க? நியூட்ரல்ல உட்டா தானா உருண்டு போயிருமுங்க. டீசலும் மிச்சம்."

"ஆகட்டுங்க" என்றார் ராமுலு. செய்யவில்லை. அடுத்த வளைவில் மறுபடி யோசனை, மறுபடி "ஆகட்டுங்க". நியூட்ரலில் விட்டால் எக்ஸாஸ்ட் பிரேக் எதற்கும் உதவாது, அப்புறம் வண்டியை ஓட்டுவது கல்லுதான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்ணைப் பெற்றவர் சம்பந்தியை எதிர்த்துப் பேசினார் என்று பெயர் வந்துவிடும். பூஜிதாவுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது.

பாதி மலையில் சென்னகிருஷ்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. ஒத்தாசை செய்வதாக நினைத்துக்கொண்டு கியரை நியூட்ரலுக்குத் தள்ளக் கையை நீட்டினார். ராமுலுவின் இடது கை பளாரென்று அவர் புறங்கைமேல் இறங்கியது.

"கையை எடுய்யா."

சென்னகிருஷ்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சம்பந்தியைக் கை நீட்டி அடித்தவன் என்று ஊரே பேசுமே, மனைவி அம்புஜத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்று ராமுலுவுக்குக் கவலை. "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பதிலுக்கு உறுமல்தான் வந்தது. வாயைத் திறந்ததும் திறந்தோம், இப்படியா திறக்க வேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டார்.

பண்ணாரி வந்தது. சமதளம். ராமுலு எக்ஸாஸ்ட் பிரேக்கை அணைத்தார். உறுமல் நிற்கவில்லை. சுவிட்சை இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார், அப்போதும் நிற்கவில்லை. இன்றைக்கு வண்டியும் சதி செய்கிறதே என்று ஓரங்கட்டி இன்ஜினையே நிறுத்தினார்.

உறுமல் சம்பந்தியிடமிருந்து வந்துகொண்டிருந்தது. வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டார்.

வண்டி நின்றதில் சென்னகிருஷ்ணன் விழித்துக்கொண்டு, சிவந்த புறங்கையைத் தடவினார்.

"எனக்கு மலையின்னாலே பயமுங்க. சீக்கிரம் எறங்குனாப் போதும்னுதான் அத்தனையும் பேசுனேன். நீங்க ஒண்ணு போட்டீங்க பாருங்க, சரி, இனி இவரு பாத்துக்குவாருன்னு கண்ணை மூடிட்டேன்." கொட்டாவி ஒன்று விட்டார். "அப்ப, கல்யாணத்துக்குத் தேதி பாத்தரலாமுங்களா?"

"ஆகட்டுங்க" என்றார் ராமுலு. இந்தத் தடவை செய்யப்போகிறவராகவே சொன்னார்.