நடுவே ஊதா, ஓரம் வெள்ளை

எங்கள் ஊர் மொரப்பூருக்குப் பக்கம். அப்பாவின் தங்கை சேலத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தார். அத்தை ஊருக்கு வந்தால் போதும், வரப்பில் முளைத்த களையைப் பிடுங்கிக்கொண்டு, இது சர்க்கரைக்கு ஆகுமா, முட்டிவலிக்கு ஆகுமா என்று கேட்க நாலு பேர் வந்துவிடுவார்கள். அத்தை செடியின் பெயரைச் சொல்வார். வந்தவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புவார்கள்.

கிணற்றோரத்து மாமரத்தில் தடித்த இலைகளோடு ஒரு செடி தொற்றிக்கொண்டிருந்தது. புல்லுருவி என்று நினைத்து அப்பா கொடுவாளோடு ஏறியபோது அத்தைதான் தடுத்தார்.

"அது மரத்தை உறிஞ்சாதுண்ணா. சும்மா ஒட்டிக்கிட்டு கெடக்குது, வுடுங்க. ஆர்க்கிட் வகை."

"என்ன வகைன்னு பேரு சொல்லு."

"எலைய மட்டும் பாத்து எப்படிங்க சொல்றது? பூக்கட்டும்."

அது அவ்வளவு சீக்கிரம் பூக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில்தான் ஒரு காம்பு நீண்டு, மொட்டு விட்டு, விரிந்தது. அப்பா செல்போனில் படம் எடுத்து அனுப்பினார். எப்போதும் உடனே பதில் போடும் அத்தை மறுநாள்தான் பேசினார்.

"போட்டோவுல சரியா தெரியலண்ணா. நானே வர்றேன்."

அப்பாவோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். மற்ற சமயங்களில் ரயில் நிற்கும் முன்பே வாசலில் நின்று கையசைப்பார் அத்தை. அன்று இறங்கிய இடத்திலேயே நின்றார். அப்பா கிட்டே போய், "பாப்பா" என்று கூப்பிட்ட பிறகுதான் அவர் முகம் எங்கள் பக்கம் திரும்பியது. வெயிலில் கண் கூசுகிறது என்றார். நம்பிவிட்டோம்.

வீட்டுக்குள்கூடப் போகாமல் நேராக மாமரத்தடிக்கு வந்தார். அப்பா ஏறி, பூக்காம்பை மட்டும் பக்குவமாக அறுத்து இறக்கினார். அத்தை முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை வைத்து, நேராகப் பார்க்காமல், தலையைச் சாய்த்துக் கோழி பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். கடைசியில் கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

"நீ பாத்து சொல்லு கண்ணு. இதழு என்ன கலரு?"

பள்ளிக்கூடப் பரீட்சைபோல இருந்தது. நிமிர்ந்து நின்றுகொண்டேன்.

"பச்சை கலந்த மஞ்சள், அத்தை."

"மேல ஏதாச்சும் கோடு இருக்குதா?"

"பழுப்புக் கோடு. கட்டம் கட்டமா, வலை மாதிரி."

"பின்பக்கம்?"

"வெள்ளை."

"நடுவுல நாக்கு மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டிருக்குமே, அது?" அவர் குரல் இறங்கியது. "அவசரப்படாம பாரு."

"ஊதா. ஓரத்துல மட்டும் வெள்ளை."

அத்தை விரல்நுனியால் அந்த நாக்கைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாண்டா டெசலேட்டா. நெறைய எடத்துல இருக்கறதுதான்."

உலகத்திலேயே புதிய பூ என்று சொல்வார், வகுப்பில் போய்ப் பீற்றிக்கொள்ளலாம் என்று காத்திருந்த எனக்குச் சப்பென்று ஆனது.

"நல்லாத் தெரியுமா அத்தை?"

"நீ பாத்தது சரின்னா பேரும் சரிதான்."

அப்பா மரத்தில் சாய்ந்தபடி தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உனக்குத் தெரியலயா பாப்பா?"

அத்தை பூக்காம்பை என் கையில் கொடுத்தார்.

"நடுவுலதான் தெரியலண்ணா. ஓரமெல்லாம் தெரியுது."

கண்ணின் நடுப்பார்வை தேய்ந்துகொண்டே போகும் நோய் அது. போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டதை அத்தை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். இரண்டு வருஷம் கழித்து வேலையை விட்டுவிட்டு எங்களோடேயே வந்துவிட்டார். எனக்கு இதெல்லாம் புரிய அந்த இரண்டு வருஷமும் ஆயிற்று.

அன்று மாமரத்தடியில், அத்தை பூவின் நடுவைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பரீட்சையில் இன்னொரு கேள்வி கிடைத்த சந்தோஷம் எனக்கு. கண்ணாடியைத் திரும்பவும் பூவின்மேல் பிடித்துக்கொண்டு, கிணற்றடி அதிரும்படி சத்தமாகச் சொன்னேன்.

"நடுவுல ஊதா அத்தை! நல்ல ஊதா!"

அத்தை என் தலையில் கை வைத்தார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தார்.