கம்பியில் போட்ட கம்பளி

உம் மருமக சொன்னது கெடக்கட்டும் செல்வி. நீ புதுசா கட்டுன கொடிக்கம்பியப் பாத்ததும் எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு. சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்துல, எங்க லயத்து வரிசை வீடுகளுக்கே, வேலை வாங்குற கங்காணி வீட்டுல மட்டுந்தான் ரேடியோ. வெளிய ரெண்டு மூங்கிலுக்கு நடுவுல ஏரியல் கம்பி ஓடும். அப்பத்தான் திருநெல்வேலியிலயே ரேடியோ ஸ்டேஷன் வந்து, நம்ம ஊரு மழைச் சேதியும் சொன்னாங்க. திருநெல்வேலிப் பக்கம் அம்மா பொறந்த வீட்டுல மழையில்லாம மாட்ட விக்க இருந்தாங்க. அன்னிக்கு சேதி நேரத்துல பெட்டி வெறுமனே கரகரங்குது. கங்காணி வெளிய எட்டிப் பாத்து, "எந்த மகராசி ஏரியல்ல ஈரக் கம்பளியக் காயப்போட்டது?"ன்னாரு. சேதி கேக்க எல்லாருக்கும் முன்னாடி வந்து நின்ன எங்கம்மாதான். ஓடிப்போயி உருவுனாங்க. "திருநெல்வேலிப் பக்கம் நல்ல மழை"ன்னு கொரலு தெளிவா வந்துச்சு. அம்மா அந்த ஈரக் கம்பளியக் கட்டிப்புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க பாரு... இருடி, கோழி மொளகாயக் கிளறுது.